நகரும் எழுத்துப் பெட்டி: மரத்தில் அறுத்த தமிழ் அரிச்சுவடிக்கு ஒரு மதிப்புரை

தமிழ் படிக்கக் கற்பிப்பதற்காக மரத்தில் அறுத்து, வண்ணம் பூசி, அறைகள் கொண்ட பெட்டியில் அடுக்கி விற்கப்படும் நகரும் எழுத்துத் தொகுப்பு ஒன்றை, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியுடன் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தயாரித்தவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இந்தப் பெட்டியில் நான் கண்ட நிறைகளும் குறைகளும் அந்தப் பட்டறையின் கைத்திறனைவிடத் தமிழ் எழுத்தின் அமைப்போடுதான் அதிகம் தொடர்புடையவை. இதே வகையில் வேறு பெட்டி வாங்க நினைப்பவருக்கும் அவை பொருந்தும்.

முதலில் பெட்டிக்குள் இருப்பவை. உயிரெழுத்துகள் 12, ஆய்தம் 1, புள்ளியில்லாத மெய் வடிவங்கள் 18, தனியாக எடுத்து வைக்கக்கூடிய புள்ளி, துணைக்கால், இகரக் குறியான மேல்விலங்கு, அதன் சுழித்த நெடில் வடிவம், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரத்துக்கான கொம்பு, ஔகாரத்தின் இறுதிக் குறி ஆகியவற்றோடு, கு கூ தொடங்கி னு னூ வரையிலான 36 உகர ஊகார எழுத்துகளும் முழு வடிவில் உள்ளன. ஆக மொத்தம் 75 வகைத் துண்டுகள். இவற்றை வைத்துக்கொண்டு 247 எழுத்துகளையும் உருவாக்கிவிடலாம். மெய் வடிவங்களுக்குச் சிவப்பும், உயிரெழுத்துகளுக்கும் அவற்றின் குறிகளுக்கும் நீலமும், புள்ளிக்குக் கறுப்பும் பூசியிருக்கிறார்கள். விளிம்புகள் நன்றாக இழைக்கப்பட்டுள்ளன, வண்ணம் உதிரவில்லை, துண்டுகள் குழந்தையின் கைக்கு அடக்கமாக இருக்கின்றன. புள்ளி மட்டும் மிகச் சிறியது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதை வெளியே வைக்கக்கூடாது, மற்ற வீடுகளிலும் அதுதான் முதலில் தொலையும்.

எழுத்தைக் கையில் எடுத்து விளையாடும் பொருளாக்குவது புதிய எண்ணம் அன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் சொல்லாற்றல் கற்பித்த குயிண்டிலியன், குழந்தைகளுக்குத் தந்தத்தில் செதுக்கிய எழுத்துகளை விளையாடக் கொடுக்கலாம் என்று எழுதினார். வடிவம் கண்ணில் பதிவதற்கு முன்பே எழுத்துகளின் பெயரையும் வரிசையையும் மனப்பாடம் செய்விக்கும் பழக்கத்தை அவர் கண்டித்தார். வரிசையை வாயால் ஓடவிடும் குழந்தை எழுத்தைப் பார்ப்பதே இல்லை என்பது அவர் சொன்ன குறை. 403ஆம் ஆண்டளவில் ஜெரோம் என்னும் கிறித்துவத் துறவி ஒரு தாய்க்கு எழுதிய கடிதத்திலும், மகளுக்கு மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகள் செய்து கொடுக்கவும், அவற்றை வரிசை மாற்றிக் கலைத்துக் கேட்கவும் அறிவுரை சொல்லப்பட்டிருக்கிறது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1693இல் எழுத்து ஒட்டிய பகடைகளைப் பரிந்துரைத்தார். பிரான்சில் லூயி துமா 1730களில் அச்சுக்கூடத்தின் எழுத்துப் பெட்டியைப் பார்த்து ஒரு வீட்டுப் பெட்டியை அமைத்தார். அறை அறையாக அட்டைகளை வைத்து, அச்சுக்கோப்பவர் எழுத்துகளை எடுத்துக் கோப்பதுபோலக் குழந்தை சொற்களைக் கோக்க வேண்டும் என்பது அவர் முறை. நான் வாங்கிய பெட்டியின் நேரடி முன்னோர் என்று யாரையாவது சொல்வதானால், தந்த எழுத்துகளைவிடத் துமாவின் பெட்டியைத்தான் சொல்வேன்.

துமாவின் பெட்டிக்கும் அவருக்கு முந்தையவர்களின் விளையாட்டு எழுத்துகளுக்கும் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் அடிப்படையானது. முன்னவை எழுத்தை அடையாளம் காண உதவின. துமாவின் பெட்டி சொல்லை உருவாக்க உதவியது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் உரோமாபுரியின் சான் லொரென்சோ குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் இந்த இரண்டாவது பயன்பாட்டையே மையமாக வைத்தார். குழந்தை முதலில் உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகும். பிறகு நகரும் எழுத்துகளை எடுத்துத் தன் வாயில் வரும் சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துக் கோக்கும். பிறர் எழுதியதைப் படிப்பது அதற்கும் பின்னரே வரும். எழுதத் தெரிவதற்கு முன் படிக்கத் தெரிய வேண்டும் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால், தான் ஏற்கெனவே அறிந்த சொல்லைப் பிரிப்பது, அறியாத குறிகளைச் சேர்த்து ஒரு சொல்லை ஊகிப்பதைவிட எளிது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கையும் இதற்கு அருகில் வந்து நிற்கிறது. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறியும் பயிற்சியை வாய்மொழியாக மட்டும் கொடுப்பதைவிட, எழுத்துகளைக் கையாளச் செய்து கொடுக்கும்போது பயன் கூடுகிறது என்பது அதன் முடிவுகளில் ஒன்று.

விரலால் தடவிப் பழகும் பகுதி நமக்குப் புதிதல்ல. மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகியதுதான் திண்ணைப் பள்ளிக்கூடம். சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பள்ளியில் கண்ட இந்த மணல் எழுத்தைத் தன் பள்ளியில் புகுத்தி, மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து, 1797இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். அங்கே அது ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றுப் பரவியது. 1939இல் மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மணலில் எழுதிப் பழகிய ஊருக்கு உப்புத்தாள் எழுத்து வந்து சேர்ந்ததை எண்ணிப் பார்ப்பது சுவையானது. நான் வாங்கிய பெட்டியில் உப்புத்தாள் எழுத்துகள் இல்லை. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஒரு தட்டில் மணல் பரப்புவது கடினமன்று.

இனி இந்தப் பெட்டியின் உண்மையான சோதனைக்கு வரலாம். இத்தாலிய மொழிக்குச் செய்த பெட்டியைத் தமிழுக்கு மாற்றுவது எழுத்துகளை மட்டும் மாற்றிவிட்டால் முடிகிற காரியமன்று. அங்கே ஒலிக்கு ஓர் எழுத்து என்று ஏறக்குறைய வரிசையாக வைத்துக்கொண்டே போகலாம். இங்கே மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே எழுத்தாகின்றன; உயிரின் குறி வலப்பக்கமும் இடப்பக்கமும் மேலேயும் கீழேயும் வருகிறது. தமிழ்ப் பெட்டி செய்பவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு. 247 எழுத்துகளையும் முழுமுழுத் துண்டுகளாகச் செய்துவிடலாம். அப்போது பெட்டி ஓர் அலமாரியாகிவிடும் என்பதோடு, ‘கா’ என்பதற்குள் ‘க்’, ‘ஆ’ என்னும் இரண்டு ஒலிகள் இருப்பதைக் குழந்தை ஒருபோதும் கையால் உணராது. அல்லது எழுத்தை உறுப்புகளாகப் பிரிக்கலாம். நான் வாங்கிய பெட்டி இரண்டாவது வழியைத் தேர்ந்திருக்கிறது. அதற்காகவே இதைப் பாராட்டுகிறேன். மெய் இயல்பாகப் புள்ளி பெற்று நிற்கும், புள்ளி நீங்கினால் அகரத்தோடு ஒலிக்கும், பிற உயிர்களோடு சேரும்போது உருவம் திரியும் என்று தொல்காப்பியம் வகுத்த முறை இந்தப் பெட்டியில் கைவேலையாகவே நடக்கிறது. ‘க’ துண்டின்மேல் புள்ளியை வைத்தால் ‘க்’, எடுத்தால் ‘க’, நீலத் துணைக்காலைப் பக்கத்தில் வைத்தால் ‘கா’. சிவப்பும் நீலமும் அருகருகே நிற்கும்போது உயிர்மெய் என்பது இலக்கணப் பாடமாக இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் சேர்க்கையாகிவிடுகிறது.

கொம்பு விஷயத்தில் இந்தப் பெட்டி எழுதுகோலைவிடவும் மேலானது என்று கருதுகிறேன். ‘மேகம்’ என்று சொல்லும் குழந்தையின் வாயில் முதலில் வருவது ‘ம்’, பிறகுதான் ‘ஏ’. ஆனால் தாளில் எழுதும்போது இரட்டைக்கொம்பை முதலில் போட்டுவிட்டு மகரத்தை எழுத வேண்டும். சொல்லின் முதல் ஒலியைத் தேடிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் இரண்டாவது ஒலியின் குறியை முதலில் எழுதச் சொல்கிறோம். அது தடுமாறுவதில் வியப்பில்லை. துண்டுகளாக இருக்கும்போது ஒலியின் வரிசையிலேயே மகரத்தை எடுத்து வைத்துவிட்டு, அதன்பின் கொம்பை எடுத்து இடப்பக்கம் நகர்த்திவிடலாம். ‘கோழி’யில் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்பதைச் சிறுமி தானாகவே கண்டுபிடித்தாள், அதற்குப் பிறகு கொகரமும் கோகாரமும் அவளுக்குத் தனிப் பாடங்களாக இருக்கவில்லை.

இந்தத் தெளிவெல்லாம் உகரத்தில் வந்து முட்டிக்கொள்கிறது. தமிழில் உகரத்துக்குத் தனிக் குறி என்று ஒன்றில்லை. சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழே இறங்கும். டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் அடியில் வளைந்து சுற்றும். து, நு, லு, று, னு ஆகியவற்றில் வால்போல வளைந்து மேலேறும். ஊகாரமாக்கும்போது தூ, நூ, லூ ஆகியவற்றின் பக்கத்தில் ஒரு காலும் சேரும். கு, கூ தனி வழி. எனவே இந்த 36 எழுத்துகளையும் முழுத் துண்டுகளாகச் செய்ததைத் தவிர்க்க முடியாததென்றே ஏற்கிறேன். ஆனால் அவற்றுக்கு முழுச் சிவப்பைப் பூசியது தவிர்த்திருக்கக்கூடிய பிழை. அதுவரை சிவப்பு என்றால் மெய், நீலம் என்றால் உயிர் என்று கற்றுவந்த குழந்தைக்கு ‘டு’வும் ‘மு’வும் மெய் வடிவங்களாகத் தோன்றுகின்றன. ‘மு’வில் மகரம் வரை சிவப்பும், கீழே வளையும் கீற்றுக்கு நீலமும் பூசியிருந்தால் வண்ண விதி உடையாமல் நின்றிருக்கும். தூரிகை பிடிப்பவருக்குக் கூடுதல் வேலைதான். இந்த வகைப் பெட்டியில் செலவழிக்க வேண்டிய உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

இகரத்திலும் சிறு சிக்கல் உண்டு. மேல்விலங்கைத் தனித் துண்டாகச் செய்தது பெரும்பாலான மெய்களுக்குப் பொருந்துகிறது. ‘டி’, ‘டீ’ இரண்டிலும் மட்டும் குறி டகரத்தின் அடிக்கோட்டிலிருந்து எழுவதால் துண்டு சரியாக அமரவில்லை. இந்த இரண்டையும் முழுத் துண்டாகச் செய்துவிட்டிருக்கலாம்.

இந்த இடர்களைப் பார்க்கும்போது, இகர ஈகார உகர ஊகார வரிசைகளில் உள்ள 72 எழுத்துகளுக்கும் தனித்து நிற்கும் குறிகள் வேண்டும் என்று கல்வியாளர் வா. செ. குழந்தைசாமி ஏன் வாதாடினார் என்பது விளங்குகிறது. அவருடைய திட்டத்தை எல்லோரும் ஏற்கவில்லை. படித்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றும் என்பதை நானும் அறிவேன். ஆயினும் முன்பு ஒரு சீர்திருத்தம் நடந்தது; அதன் பயனை இந்தப் பெட்டி அமைதியாக அனுபவிக்கிறது. பெரியார் பரிந்துரைத்தவற்றில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்று, ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய கூட்டு வடிவங்களை நீக்கியது. அது நடக்காதிருந்தால் துணைக்காலும் ஐகாரக் கொம்பும் இந்த இடங்களிலெல்லாம் பொருந்தாமல், பெட்டியில் மேலும் பல விதிவிலக்குத் துண்டுகள் சேர்ந்திருக்கும்.

அடுத்த குறை எண்ணிக்கையில் உள்ளது. அதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. மெய் வடிவம் ஒவ்வொன்றிலும் ஐந்து துண்டுகள், உகர ஊகார எழுத்து ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டுகள் என்று சரிசமமாகப் போட்டிருக்கிறார்கள். ஆங்கில எழுத்துக்கு அச்சு வார்த்தவர்கள்கூட எந்த எழுத்து எத்தனை முறை வரும் என்று கணக்கிட்டுத்தான் பெட்டியை நிரப்பினார்கள். தமிழில் ஙகரம் பெரும்பாலும் ககரத்துக்கு முன்னால் புள்ளி பெற்று வருவதோடு சரி. ஐந்து ஙகரங்களில் நான்கு சும்மா கிடக்கின்றன. ககரமும் தகரமும் மகரமும் ஒரு வாக்கியத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. ஙு, ஙூ என்னும் நான்கு துண்டுகளை எந்தக் குழந்தை எந்தச் சொல்லுக்கு எடுக்கப் போகிறது? அதே நேரத்தில் தமிழ்ச் சொற்கள் உகரத்தில் முடிவது மிகவும் அதிகம். ஆடு, மாடு, வீடு என்று மூன்று சொற்களை அடுத்தடுத்து வைக்க முயன்றால் மூன்றாவது ‘டு’ பெட்டியில் இல்லை. முதல் நாளிலேயே தோன்றும் இந்தப் பற்றாக்குறையை, பெட்டியை விற்பதற்கு முன் ஒருவரேனும் ஒரு குழந்தையோடு அமர்ந்து பார்த்திருந்தால் கண்டிருப்பார்.

கிரந்த எழுத்துகள் இல்லாததையும் சொல்ல வேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றைத் தமிழ் நெடுங்கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்னும் விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். எழுத்தைத் தொட்ட குழந்தை முதலில் கோக்க விரும்பும் சொல் தன் பெயர். இரண்டாவது தன் நண்பரின் பெயர். அந்தப் பெயர்களில் இவ்வெழுத்துகள் வருவது சாதாரணம்.

பெட்டியோடு தரப்பட்ட வழிகாட்டிக் கையேட்டைப் பற்றி நல்ல சொல் சொல்வது கடினம். அது பெட்டியின் இயல்புக்கே எதிராக நடக்கிறது. அ, ஆ, இ, ஈ என்று பன்னிரண்டையும் வரிசையாக வைக்கச் சொல்லி, பிறகு பதினெட்டையும் வைக்கச் சொல்லி, அதன்பின் க, கா, கி, கீ என்று ஒவ்வொரு வரியாக நிரப்பச் சொல்கிறது. வாய்ப்பாடு போல வரிசையை ஒப்பிப்பதற்கு மரத் துண்டுகள் தேவையில்லை. சுவரில் ஒட்டும் அட்டவணை போதும். அட்டவணைக்குத் தன் மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. பண்டைய கிரேக்கப் பள்ளிகளிலும் எழுத்தின் பெயர், வடிவம், அசை, சொல் என்ற வரிசையே நிலவியது. கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் தொழிலாளர்களுக்குக் கற்பித்தபோதும் அசைக் குடும்பங்களை, அதாவது ஒரே மெய்யில் தொடங்கும் அசைகளின் தொகுதிகளை, பட்டியலாக வைத்தார். ஆனால் அவர் பட்டியலிலிருந்து தொடங்கவில்லை. கற்பவரின் வாழ்வில் வழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்கி, அதன் அசைகளைப் பிரித்து, அவற்றின் குடும்பங்களை அடுக்கி, மீண்டும் புதிய சொற்களை உருவாக்கச் செய்தார். இந்தப் பெட்டிக்கும் அந்த வழியே ஏற்றது. ட, ப, ம என்னும் மூன்று வடிவங்களும் புள்ளியும் மட்டும் வெளியே இருந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடுகின்றன. துணைக்காலையும் சேர்த்தால் பாடம், மாடம், பாட்டம்மா என்று விரிகிறது. மற்ற அறைகளை மூடி வைத்துவிட்டு இப்படித் தொடங்கலாம் என்று கையேட்டில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

மூடியின் மேல் அச்சிட்டுள்ள ‘மூன்றே மாதங்களில் சரளமான வாசிப்பு’ என்னும் வாக்குறுதியை வாங்குபவர் பொருட்படுத்தாமல் விடுவதே நல்லது. கன்னடம் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்துகளின் எண்ணிக்கை மிகுந்த இத்தகைய வரிவடிவங்களில் எழுத்தறிவு நிறைவடையத் தொடக்கப்பள்ளியின் பல வகுப்புகள் ஆகின்றன என்று காட்டியது. இருபத்தாறு எழுத்து மொழிகளுக்குச் சொல்லப்படும் கால அளவைத் தமிழ்க் குழந்தைக்கு வைத்து, அது எட்டவில்லையே என்று பெற்றோர் கவலைப்படுவது வீண். சரளம் என்பதும் இந்தப் பெட்டியின் வேலையன்று. அதற்குப் பக்கம் பக்கமாகப் படிக்கக் கதைப் புத்தகங்கள் வேண்டும்.

கையேடு வாயே திறக்காத இரண்டு இடங்களில் பெரியவரின் துணை மிகவும் தேவைப்படுகிறது. முதலாவது, ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகும் முறை தமிழில் எங்கெல்லாம் தடுமாறும் என்பது. எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும்போது தமிழ் பெரும்பாலும் நேரானது. இடத்துக்கேற்பக் ககரம் ‘கல்’லில் ஒருவிதமாகவும் ‘தங்க’த்தில் வேறுவிதமாகவும் ஒலித்தாலும் தமிழ் பேசும் குழந்தை அதைத் தானே சரிசெய்துகொள்ளும். எதிர்த் திசையில் அப்படியில்லை. ‘நாய்’ என்பதைக் கோக்க முனையும் குழந்தை னகரத்தை எடுத்தால் அது காதால் கேட்டதில் பிழையில்லை. சொல்லின் முதலில் நகரம்தான் வரும் என்பது பின்னால் கற்க வேண்டிய விதி. ர, ற வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் பலருடைய பேச்சில் மங்கிவிட்டவை. கோக்கும் பருவத்தில் எழுத்துப் பிழையை உடனே திருத்தாமல் விடுவது மாண்டிசோரி மரபு. நானும் அதையே பின்பற்றினேன். ஒலிகளை முழுமையாகப் பிரித்துவிட்ட குழந்தையிடம் ‘தப்பு’ என்று சொல்வது, அது சரியாகச் செய்த வேலையையும் சேர்த்தே அழித்துவிடும்.

இரண்டாவது, பேச்சுத் தமிழ். தன் வாயில் வரும் சொல்லைக் கோக்கச் சொன்னால் குழந்தை ‘போறான்’ என்றுதான் கோக்கும். ‘போகிறான்’ என்று கோக்காது. ‘வந்துட்டா’ என்று வைக்கும். ‘வந்துவிட்டாள்’ என்று வைக்காது. இதைக் கண்டு பதறும் பெரியவர்கள் உடனே எழுத்து வழக்குக்கு மாற்றச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் இந்த முறையின் அடித்தளமே போய்விடும். குழந்தை தனக்குத் தெரிந்த சொல்லைப் பிரிப்பதை விட்டுவிட்டு, நம் வாயிலிருந்து வரும் தெரியாத சொல்லுக்காகக் காத்திருக்கத் தொடங்கும். தொடக்கத்தில் மரம், பால், அம்மா, கண், மீன் என்று இரு வழக்கிலும் பெரிதும் வேறுபடாத சொற்களை நாமே தந்து, குழந்தை தானாக வைக்கும் பேச்சுச் சொற்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டு, எழுத்து வழக்கைக் கதைப் புத்தகங்களின் வழியே காதில் விழச் செய்வது நல்ல ஏற்பாடு. தமிழுக்கென்று ஒரு கையேடு எழுத முனைபவர் தன் பக்கங்களில் பாதியை இதற்கு ஒதுக்க வேண்டும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? குழந்தையோடு பக்கத்தில் அமர்ந்து ஒலிகளைச் சொல்லித்தரப் பொறுமையுள்ளவருக்கு, குறைகளோடும் இதைப் பரிந்துரைக்கிறேன். முதியோர்க்குக் கற்பிப்பவருக்கும் பரிந்துரைக்கிறேன். பேனா பிடித்துப் பழகாத கைக்கு, எழுதும் சிரமமில்லாமல் தன் பெயரை மேசைமேல் வைத்துப் பார்க்க இது வழி செய்யும். பெட்டியைக் கொடுத்துவிட்டால் குழந்தை தானே படித்துக்கொள்ளும் என்று நினைப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே பெட்டியை வாங்கும் பள்ளிகளுக்கும் இது போதாது. மூன்று குழந்தைகள் ஒரே நேரத்தில் கோக்கத் தொடங்கினால் ககரத்துக்குச் சண்டை வரும்.

வாங்கியவர் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கித் தடித்த அட்டையில் சில துண்டுகளை வெட்டிச் சேர்த்துக்கொண்டால் பெட்டி பெரிதும் மேம்படும். சான் லொரென்சோவில் மாண்டிசோரியும் தாம் முன்பு பயன்படுத்திய மர எழுத்துகள் கிடைக்காததால் தாளிலும் அட்டையிலும்தான் வெட்டிக்கொண்டார். கு, டு, து, று ஆகியவற்றில் மேலும் நான்கு நான்கு. க, த, ப, ம, ன ஆகியவற்றில் ஐந்து ஐந்து. டி, டீ முழு வடிவில். ஜ, ஷ, ஸ, ஹ. உகரத் துண்டுகளின் கீற்றுக்கு நீல வண்ணத்தை ஒரு மெல்லிய தூரிகையால் பூசிவிடலாம். புள்ளிகளை மட்டும் பெரிய பொத்தான்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.